ஐசியூ வாசலில் வாங்கிக் கட்டிக்கொண்டவை

நரம்பு கிடைக்காத கையில்கூட எப்படியாவது ஊசி ஏற்றிவிடலாம்; ஐசியூ கதவைத் திறந்து வெளியே வந்து, "இவரோட அட்டெண்டர் யாருங்க?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்தைச் சொல்வதுதான் இந்தத் தொழிலில் பெரும்பாடு.

நான் ஆண் நர்ஸ். ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பெயர் 'பிரதர்'. முதலில் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, இப்போது சிதம்பரத்தில் இன்னொன்று. இரண்டிலும் ஐசியூதான். நோயாளியைப் பற்றி வெளியே இருப்பவர்களிடம் சொல்ல வேண்டியவர் முறைப்படி டாக்டர். அவரும் வந்து சொல்வார். அவர் சொல்லிவிட்டு உள்ளே போன பிறகு, "இப்ப அவரு என்னா சொல்லிட்டுப் போறாரு?" என்று ஒரு குரல் வரும் பாருங்கள், அந்தக் குரலுக்குப் பதில் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. காரணம் வேறொன்றுமில்லை, என் தொண்டை சின்னது. கடலூரில் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் பேசினால் லிஃப்டுக்குள் நிற்பவருக்கும் கேட்கும். "நீ பேசினா பக்கத்து பெட்டுக்கே கேக்காது. நீ போய்ச் சொல்லு" என்று அவர்தான் தள்ளிவிட்டார். அன்றைக்கு வெளியே வந்தவன், இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் என்னைப் போல உள்ளே வேலை பார்ப்பவர்களாக இருப்பீர்கள். மற்றவர்கள் ஒரு நாளாவது வெளியே அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கதவு எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். ஆக, நம் எல்லோருக்கும் அந்தக் கதவைத் தெரியும். நாங்கள் சொல்லும் ஒரு சொல்லை வைத்துத்தான் வெளியூரில் இருப்பவர் கிளம்பலாமா வேண்டாமா என்று முடிவாகும். சொல் பிசகினால், வர வேண்டியவர் முகம் பார்க்க முடியாமல் போய்விடும். பிசகிய கதைகளும் பிசகாத கதைகளும் கொஞ்சம் கீழே.

கடைசியிலிருந்து

வேலைக்குச் சேர்ந்த புதிது. வீட்டில் பெரியவர்கள் வாயால் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த ஆள் நான். எங்கள் தாத்தா கதையில் ஒரு ராஜா சாக வேண்டுமென்றால், முதலில் அவர் பிறக்க வேண்டும், வளர வேண்டும், வேட்டைக்குப் போக வேண்டும். அதற்குள் நாங்கள் தூங்கிவிடுவோம், ராஜா பிழைத்துக்கொள்வார். எதையும் தலையிலிருந்து தொடங்கிச் சொல்கிற அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒருவரை மூளையில் ரத்தக்கசிவோடு கொண்டுவந்திருந்தார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் நோயாளியின் மனைவியிடம் இங்கிலீஷ் கலந்து சொல்லிவிட்டுப் போனார். விளக்கிச் சொல்ல நான் போனேன். "காலையில பிரஷர் நல்லாத்தாம்மா இருந்துச்சு. அப்புறம் டாக்டர் வந்து பார்த்தாரு. பார்த்துட்டு, ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு. ஸ்கேனுக்குக் கொண்டுபோனோம். அங்க கொஞ்சம் கூட்டமா இருந்துச்சு..." அந்த அம்மா கையில் போனைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். போனுக்குள்ளிருந்து "அம்மா, அம்மா" என்று ஒரு பெண் குரல் வந்துகொண்டே இருந்தது. நான் ஸ்கேன் அறைக் கூட்டத்தை ஒருவழியாகக் கடந்து ரிப்போர்ட்டுக்கு வருவதற்குள், அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"தம்பி, கதைய எனக்குக் கடைசியிலருந்து சொல்லு. இருப்பாரா, போயிடுவாரா? எம் பொண்ணு பொட்டிய வச்சுக்கிட்டு லைன்ல நிக்குது."

எடுத்துடலாம்

நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக் கொல்லையில் காவலுக்குப் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. என் வயசுதான் இருக்கும். மூச்சுவிடத் தெம்பில்லாமல் வந்தவருக்கு வாயில் ட்யூப் போட்டு மெஷினில் வைத்திருந்தோம். மருந்து வேலை செய்தது. என் விரலை அழுத்தச் சொன்னால் அழுத்தினார், காலை ஆட்டச் சொன்னால் ஆட்டினார். சந்தோஷம் தாங்காமல் வெளியே ஓடிப்போய் அவருடைய அக்கா புருஷனிடம், "நாளைக்குக் காலையில எடுத்துடலாம்ணே" என்றேன். ட்யூபை எடுத்துடலாம் என்று அர்த்தம். நம் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நின்று "எப்ப எடுக்குறாங்க?" என்று ஒருவர் கேட்டால், எதைக் கேட்கிறார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் உள்ளே நாள் முழுக்க ட்யூபையும் தையலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டே இருப்பதில், அந்தச் சொல்லுக்கு வெளியே இன்னொரு அர்த்தம் இருப்பது மறந்துபோனது. அவர் அழுதிருந்தாலாவது எனக்கு உறைத்திருக்கும். "சரிப்பா" என்று துண்டை வாயில் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

காலையில் ட்யூபை எடுத்தோம். இளைஞர் இருமினார், துப்பினார், பேந்தப் பேந்த விழித்தார். அதே நேரம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு இறங்கினார்கள். அக்கா புருஷன் கையில் ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை. செக்யூரிட்டி சொல்லியும் நம்பவில்லை, நான் சொல்லியும் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் மனிதரை மாலையோடு உள்ளே கூட்டிப்போய்க் காட்டினோம். சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் மாலையைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்தவரைப் பார்த்தார். பிறகு கரகரத்த குரலில் கேட்டார்.

"மாமா, இம்மாம்பெரிய மாலைய வாங்கத் தெரிஞ்ச ஒனக்கு ஒரு சோடா வாங்கத் தெரியலயா? தொண்ட காயுது."

சாரி

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பயிற்சியாளர் வந்தார். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். நல்ல மனுஷர், அக்கறையாகத்தான் சொன்னார். நின்றுகொண்டு சொல்லாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். கண்ணைப் பாருங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் வார்த்தையாக 'சாரி' சொல்லுங்கள். எல்லோரும் தலையாட்டினோம். பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள்.

மறுநாளே எனக்கு அதைச் செய்துபார்க்க வாய்ப்பு வந்தது. முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏற்றுகிற ஒருவர். அவருடைய அப்பா மாரடைப்பில் வந்து, கொஞ்ச நேரத்திலேயே இறந்துபோனார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணைப் பார்த்தேன். கையைப் பிடித்தேன். அவர் தன் கையையும் அதைப் பிடித்திருந்த என் கையையும் மாறிமாறிப் பார்த்தார். "சாரிங்க" என்றேன். அவ்வளவுதான், நாற்காலி பின்னால் சாய அவர் எழுந்துவிட்டார். அதற்கப்புறம் இன்சார்ஜ் சிஸ்டர் வந்து, டாக்டர் வந்து, இசிஜி தாளை விரித்துக் காட்டி, அரைநாள் விளக்கிய பிறகுதான் அவர் உட்கார்ந்து அழுதார். நம் ஊரில் தப்புச் செய்தவன்தானே சாரி கேட்பான்? படத்தில் அதைப் போடவில்லை. வராந்தா முழுக்க அவர் போட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

"சித்தப்பா, இங்க ஓடியாங்க! சாரின்னு சொல்றான் சித்தப்பா, உள்ள என்னமோ பண்ணிட்டானுவோ!"

ஸ்டேபிள்

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். கல்லீரல் கெட்டு, மருந்தின் பலத்தில் பிரஷர் நின்றுகொண்டிருந்தது. மகன் கடலூரிலேயே இருந்தார். மகள் சென்னையிலிருந்து வந்து, பரீட்சை எழுதும் பிள்ளையை அங்கே விட்டுவிட்ட கவலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் வந்தார், "ஸ்டேபிளா இருக்கார்" என்றார், போனார். எங்கள் பாஷையில் அதற்கு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை என்று அர்த்தம். விளிம்பில் நிற்பவரும் ஸ்டேபிள்தான். அவர்கள் காதில் அது 'தேறிவிட்டார்' என்று விழுந்தது. "அதான் ஸ்டேபிள்னுட்டாங்களே, நீ போயிட்டு சனிக்கிழம வாயேன்" என்று அண்ணன் தங்கையைப் பஸ் ஏற்றிவிட்டார். நான் அந்த நேரம் இன்னொரு பெட்டில் இருந்தேன். அவர் கிளம்பியதே எனக்குத் தெரியாது.

பஸ் திண்டிவனம் தாண்டியபோது அவருக்குப் போன் போனது. இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, கிடைத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். வந்து சேர்ந்தபோது நாங்கள் அப்பாவுக்கு வெள்ளைத் துணி சுற்றி முடித்திருந்தோம். அவர் யாரையும் திட்டவில்லை. முகத்தை மட்டும் கொஞ்சம் திறந்துவிடச் சொன்னார். பார்த்தார். வெளியே போகும்போது என்னிடம் நின்று, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தைய நம்பித்தான் தம்பி பஸ் ஏறுனேன். தமிழ்ல சொல்லியிருந்தா ஏறியிருக்க மாட்டேன்."

பால்

சிதம்பரத்துக்கு மாறி வந்த பிறகு நடந்தது. கீரப்பாளையத்து விவசாயி ஒருவர், மெஷினையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். இந்தத் தடவை கடைசியிலிருந்து சொன்னேன், தமிழில் சொன்னேன். வீட்டார் புரிந்துகொண்டார்கள். சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். "ஆளுக்கு ரெண்டு சொட்டுப் பால் ஊத்திடுறோம்" என்றார்கள். கேஸ் ஷீட்டில் வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. டாக்டரிடம் போய்க் கேட்டேன். "பால் நுரையீரலுக்குள்ள போயிட்டா..." என்று ஆரம்பித்தவர், மானிட்டரைப் பார்த்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். "சரி, உதட்டுல மட்டும்" என்றார். வாய் துடைக்கும் பஞ்சை எப்போதும் தண்ணீரில் நனைப்போம். அன்றைக்குப் பாலில் நனைத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பதென்று முடிவானது.

அப்போதுதான் தகராறு. கேன்டீனில் வாங்கியது பாக்கெட் பால். அது ஆகாது, பசும்பால்தான் வேண்டும் என்று விவசாயியின் தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு சிதம்பரத்து வீதிகளில் மாடு தேடப் போனார். இங்கே பிரஷர் இறங்கிக்கொண்டே வந்தது. ஒருவர் பாக்கெட்டே போதும் என்றார். இன்னொருவர் காலத்துக்கும் பேச்சாகிவிடும் என்றார். நான் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதுவரை வாயே திறக்காமல் தலைமாட்டில் நின்ற அவர் மனைவி, பாக்கெட் பால் டம்ளரைத் தன் பக்கம் இழுத்து முதல் பஞ்சை நனைத்தார்.

"எந்தப் பாலா இருந்தா என்னா, அவரு பாலே குடிக்க மாட்டாரு. ஒரு வாய் டீத்தண்ணின்னு சொல்லியிருந்தா இந்நேரம் எழுந்து ஒக்காந்திருப்பாரு."

ரகசியம்

இனி வருவது ஒரே குடும்பத்தின் கதை. பரங்கிப்பேட்டை ஜமால் பாய், ஜவுளிக்கடை வைத்திருந்தவர். சளி என்று வந்தார், நிமோனியா முற்றி மெஷினுக்குப் போனார், பிறகு கிட்னியும் கைவிட்டது. வெளியே இரண்டு பேர். ஒருவர் அவர் மனைவி ஜுலைகா அம்மா. இன்னொருவர் அந்த அம்மாவின் தம்பி சலீம் மாமா; எல்லோரும் அப்படிக் கூப்பிட்டதால் எனக்கும் அவர் மாமா. அக்காவை அவர் 'லாத்தா' என்பார். ஒரே மகன் அனஸ், குவைத்தில் இருந்தார். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்து, லீவு முடிந்து அப்போதுதான் திரும்பிப் போயிருந்தார். அவரிடம் "வாப்பாவுக்கு ஜுரம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள்.

ஒருநாள் டாக்டர், "இன்னும் ஒண்ணு ரெண்டு நாள்தான், வர வேண்டியவங்கள வரச் சொல்லுங்க" என்று சலீம் மாமாவிடம் தெளிவாகவே சொன்னார். டாக்டர் நகர்ந்ததும் மாமா என்னைத் தண்ணீர் கேன் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார். "தம்பி, எங்க லாத்தாகிட்ட மட்டும் இதச் சொல்லிடாத. தேறிடும்னு சொல்லி வச்சிருக்கேன். நெசம் தெரிஞ்சா அவ தாங்க மாட்டா." "அனஸுக்கு?" என்றேன். "அவன் போட்டது போட்டபடி ஓடியாருவான். மறுபடியும் லீவுன்னா கம்பெனியில அப்படியே வீட்டுலயே இருந்துக்கோன்னுடுவானுங்க. அவனப் பெத்தவதான் அதச் சொல்லணும், நான் எப்படிச் சொல்றது?"

நான் திரும்பி வருகிறேன், மாமா டீ வாங்கப் போயிருக்கிறார். ஜுலைகா அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். கணவர் பிழைக்கமாட்டார் என்பது அந்த அம்மாவுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. பார்வை நேரத்தில் உள்ளே வந்து அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். மகனுக்குச் சொல்லிவிடுங்கள் என்றேன். "சலீம் சொல்லட்டும்ப்பா, ஆம்பளப் பேச்சு" என்றார். அப்புறம் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா நெசத்த என் தம்பிகிட்ட சொல்லிடாத வாப்பா. அவன் நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு, தாங்க மாட்டான்."

சார், அண்ணே

அனஸ் தினமும் ஐசியூ நம்பருக்குப் போன் செய்வார். எடுப்பது பெரும்பாலும் நான். "பிரதர், எங்க வாப்பா எப்படி இருக்காரு? மாமா ஜுரம்ங்கறாரு. ஜுரத்துக்கு எதுக்கு ஐசியூ? நான் கிளம்பவா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க." போனில் எதையும் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆஸ்பத்திரி விதி. பேசுவது யார் என்று நமக்கு எப்படித் தெரியும்? அது நியாயமான விதிதான். ஆகவே நானும் தினமும் ஒன்றையே சொல்வேன்: "சார், போன்ல சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல சார். உங்க மாமா இங்கதான் சார் இருக்காரு, அவர்கிட்ட பேசுங்க சார்." மாமாவிடம் பேசினால் மறுபடியும் ஜுரம். உம்மாவிடம் பேசினால், "நல்லா இருக்காங்க, நீ வேளாவேளைக்குச் சாப்பிடு." வாப்பா போவதற்குள் மகன் வந்து சேர வேண்டும், அதற்கு யாராவது வாயைத் திறக்க வேண்டும், அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நான் விதியைக் காப்பாற்றிக்கொண்டு நின்றேன்.

டாக்டர் கெடு சொன்ன அன்றைக்கும் அனஸ் கூப்பிட்டார். அன்றைக்கும் நான் அதே வாக்கியத்தைத்தான் சொன்னேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அவர் "சரி பிரதர்" என்று வைத்துவிட்டார். கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு, விதியையும் வேலையையும் தூக்கிப்போட்டுவிட்டு அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று உட்கார்ந்திருந்தேன். கையெடுத்துக் கும்பிடாத குறையாக மாமாவிடம் மறுபடி போய்ச் சொன்னேன். "சொல்றேன், லாத்தா தொழுதுட்டு வரட்டும்" என்றார். தொழுகை முடிந்தது. யாரும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அனஸ்தான். பின்னால் மைக்கில் ஏதோ அரபியில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஏர்போர்ட்டில் நிற்கிறாராம். சென்னையில் இறங்கி நேராகக் கார் எடுத்து வருகிறாராம், உம்மாவுக்கும் மாமாவுக்கும் தெரிய வேண்டாமாம். நான் பதறிப்போய், "நான் எதுவும் சொல்லலையே!" என்றேன்.

"நீங்க எதுவும் சொல்லல பிரதர். இத்தன நாளா சார், சார்னீங்க. இன்னைக்கு, 'மாமாகிட்ட பேசுங்கண்ணே'ன்னீங்க. போன வச்ச கையோட டிக்கெட் போட்டுட்டேன்."

ஜுரம்

மறுநாள் காலையிலிருந்து ஜமால் பாயின் பிரஷர் சரியத் தொடங்கியது. மருந்தை ஏற்றினோம், கொஞ்சம் நின்றது, மறுபடி இறங்கியது. முந்தின நாள் போனிலேயே என் செல் நம்பரை வாங்கி வைத்திருந்த அனஸ், வழியிலிருந்து ஊர்ப் பெயர்களாக மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார். மரக்காணம். அப்புறம் புதுச்சேரி. கடலூரில் பாலத்தில் நெரிசல் என்று வந்தபோது நான் டாக்டரிடம் போய், "மகன் கடலூர் வந்துட்டாரு சார்" என்றேன். அவர் மருந்தை இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னார். வெளியே அக்காவும் தம்பியும் அடுத்தடுத்த நாற்காலியில், "இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லயாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பக்கம் போகவே கால் வரவில்லை.

அனஸ் படியேறி வந்தார். பையில் விமானத்து ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. சலீம் மாமா எழுந்து நின்று, "யாருடா ஒனக்குச் சொன்னது?" என்றார். சொல்லிவிட்டு லாத்தாவைப் பார்த்தார். அந்த அம்மா தம்பியைப் பார்த்தார். எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்பது அந்த ஒரு பார்வையில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஒருவர்தான் உள்ளே வரலாம் என்பது விதி. நான் கதவை மூன்று பேருக்கும் திறந்துவிட்டேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து யாரையும் கேட்காமல் விதியை மீறியது அந்த ஒரு தடவைதான், அதையும் டாக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அன்று மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு ஜமால் பாயின் மூச்சு நின்றது. மூன்று பேரும் கலிமா சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு போய் நான் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்கு மனதில் நிற்பது அதற்கு முந்திய ஒரு நிமிஷம். கவுனும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு அனஸ் வாப்பாவின் தலைமாட்டில் நின்றார். "நான் பேசினா கேக்குமா பிரதர்?" என்றார். எல்லோரும் கேட்கிற கேள்வி. இதற்கு எங்களிடம் உறுதியான பதில் கிடையாது. "கேக்குதுன்னு வச்சுக்கிட்டுப் பேசுங்கண்ணே" என்றேன். அவர் குனிந்தார். கலிமாவைத்தான் தொடங்குவார் என்று நினைத்தேன். உம்மாவும் மாமாவும்கூட அதற்குத்தான் காத்திருந்தார்கள். அவர் வாப்பாவின் நெற்றியில் கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பது மாதிரி கொஞ்சம் வைத்திருந்துவிட்டு, காதோடு காதாகச் சொன்னார்.

"வாப்பா, ஒங்களுக்கு ஒண்ணுமில்ல, வெறும் ஜுரந்தானாம். லீவு ஜாஸ்தி இருந்துச்சு, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பாதி நேரம் நான் கதவைத் திறந்து சொல்வது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, மீதிப் பாதி நேரம் நான் சொல்வது அவர்களுக்குப் புரிவதில்லை, ஆனால் டியூட்டி மட்டும் எனக்கு முழு டியூட்டியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.